கிளியரிங் ஆபீஸ் வேலையில் மேலே வருவது எப்படி: ஃபீல்டு பையனிலிருந்து ஜி கார்டு வரை

மண்ணடியிலும் பாரிமுனையிலும் இருக்கும் கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ்களுக்கு (இறக்குமதி, ஏற்றுமதிச் சரக்கைச் சுங்கத்துறையிலிருந்து விடுவித்துத் தரும் ஆபீஸ்கள்) வேலைக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கத்துக்காரர்கள். நானும் அப்படி வந்தவன்தான். லைன் ஆபீஸில் டி.ஓ. வாங்கி வா, மணலி சி.எஃப்.எஸ்.ஸுக்குப் போ, கஸ்டம்ஸ் ஹவுஸில் இதைக் கொடு என்று முதல் நாளிலிருந்தே ஓட்டம். லைன் என்றால் கப்பல் கம்பெனி, டி.ஓ. என்றால் சரக்கை விட அது தரும் டெலிவரி ஆர்டர், சி.எஃப்.எஸ். என்றால் கன்டெய்னர்கள் வந்து நிற்கும் சரக்கு நிலையம். நன்றாக ஓடினால் சீக்கிரம் மேலே வரலாம் என்று நினைத்தேன். நன்றாக ஓடினால் இன்னும் அதிகமாக ஓட விடுவார்கள், அவ்வளவுதான்.

ஆபீஸில் சம்பளம் கூடுவது காகிதத்தைப் படித்து, கணக்குப் போட்டு, பதில் எழுதத் தெரிந்தவருக்கு. அதை எந்த வரிசையில் கற்றுக்கொள்வது, புதிதாக வருபவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். டியூட்டி (சுங்க வரி) கணக்கு தெரியாமல் ஜி கார்டு (தேர்வில் தேறிய ஊழியருக்கான கஸ்டம்ஸ் அடையாள அட்டை) தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வாரமே புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

1. சேரும் முன் கையில் இருக்க வேண்டியவை

பிளஸ் டூ சான்றிதழ். கஸ்டம்ஸ் புரோக்கரிடம் (கிளியரிங் ஆபீஸ் நடத்த லைசென்ஸ் வாங்கியவர்) வேலை பார்ப்பவருக்குக் குறைந்தபட்சத் தகுதி பிளஸ் டூ அல்லது அதற்கு இணையானது என்று 2018-ஆம் ஆண்டின் கஸ்டம்ஸ் புரோக்கர் லைசென்சிங் விதிகளிலேயே இருக்கிறது. பத்தாவதோடு நிறுத்தியவரையும் சில ஆபீஸ்கள் சேர்த்துக்கொள்ளும். ஆனால் கார்டு என்று வரும்போது அங்கேயே நின்றுவிடும். தனித்தேர்வராகவாவது எழுதி முடித்துவிடுங்கள்.

பெயர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நம் ஊரில் இனிஷியல் படுத்தும் பாடு பெரிது. மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பான் கார்டில் இரண்டும் சேர்த்து என்று இருக்கும். வேலைக்கு வந்த பிறகு இதற்காக லீவு கேட்டு அலைய முடியாது. இப்போதே சரி செய்யுங்கள்.

இருசக்கர வாகன லைசென்ஸ். மாதவரம், மணலி, மீஞ்சூர் பக்கத்து சி.எஃப்.எஸ்.களுக்கு பஸ்ஸை நம்பிப் போனால் ஒரு நாளில் ஒரு வேலைதான் முடியும்.

எக்செல்லில் கூட்டல், பெருக்கல், ஃபில்டர். இங்கிலீஷில் பார்க்காமல் டைப் அடிக்கும் பழக்கம். இவை இரண்டும் இல்லாவிட்டால் ஆபீஸில் உங்களுக்கு நாற்காலி கிடைக்காது, ஹெல்மெட்தான் கிடைக்கும்.

சேர்ந்த பிறகு அப்பாயின்ட்மென்ட் ஆர்டரும், பி.எஃப். பிடித்தால் யூ.ஏ.என். எண்ணும் கேட்டு வாங்குங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். பின்னால் வேறு இடத்துக்குப் போகும்போது நீங்கள் இங்கே வேலை பார்த்ததற்கு இந்த இரண்டும்தான் சாட்சி.

2. முதல் மாதம்: ஒரு ஜாபை முதலிலிருந்து கடைசி வரை பின்தொடருங்கள்

புதியவர்கள் செய்யும் முதல் தவறு, தனக்குக் கொடுத்த துண்டு வேலையை மட்டும் தெரிந்துவைத்திருப்பது. டி.ஓ. வாங்குபவருக்கு டி.ஓ. மட்டும் தெரியும். ஆறு மாதம் கழித்து, டி.ஓ. வாங்கிய பிறகு பெட்டி (கன்டெய்னர்) ஏன் மூன்று நாள் வெளியே வரவில்லை என்று கேட்டால் விழிப்பார்.

ஏதாவது ஒரு இறக்குமதி ஜாபை, அதாவது ஒரு சரக்கை விடுவிக்கும் வேலையை, தேர்ந்தெடுங்கள். பார்ட்டியிடமிருந்து (சரக்கின் சொந்தக்காரர்) டாக்குமென்ட் வந்த தேதி, செக்லிஸ்ட் (ஃபைல் செய்யும் முன் சரிபார்க்கும் வரைவு) போட்டது, பார்ட்டி ஓ.கே. சொன்னது, பில் ஆஃப் என்ட்ரி (கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் இறக்குமதி அறிவிப்பு) ஃபைல் ஆனது, அசெஸ்மென்ட் (வரி மதிப்பீடு) முடிந்தது, டியூட்டி கட்டியது, டி.ஓ. வாங்கியது, எக்ஸாமினேஷன் இருந்தால் அது, அவுட் ஆஃப் சார்ஜ் (சரக்கை விட கஸ்டம்ஸ் தரும் உத்தரவு), கேட்டை விட்டு வண்டி வெளியேறியது, காலிப் பெட்டி திரும்பப் போனது, பார்ட்டிக்கு நம் பில் போனது என்று ஒரு நோட்டில் வரிசையாகத் தேதியும் நேரமும் எழுதுங்கள். பில் ஆஃப் என்ட்ரி எண்ணும் தேதியும் இருந்தால் கஸ்டம்ஸின் ஐஸ்கேட் தளத்தில் நிலையைப் பார்க்கலாம். யாரையும் கேட்கத் தேவையில்லை.

இப்படி மூன்று ஜாப் எழுதினால் உங்களுக்கே ஒன்று தெரியவரும். தாமதம் பெரும்பாலும் கஸ்டம்ஸில் இருக்காது. பார்ட்டி அனுப்பாத ஒரு காகிதத்திலும், நம் ஆபீஸ் கவனிக்காத ஒரு மெயிலிலும் இருக்கும். இது தெரிந்தவரைத்தான் முதலாளி இரண்டாவது முறை கூப்பிட்டுப் பேசுவார்.

ஏற்றுமதி ஜாபும் ஒன்று எழுதுங்கள். அது ஷிப்பிங் பில்லில் (ஏற்றுமதி அறிவிப்பு) ஆரம்பித்து லெட் எக்ஸ்போர்ட் ஆர்டரோடு (ஏற்றுமதிக்குக் கஸ்டம்ஸ் தரும் அனுமதி) முடிவதாகத் தோன்றும். முடியாது. ஐ.ஜி.எஸ்.டி. (ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.) கட்டி ஏற்றுமதி செய்திருந்தால் ரீஃபண்டு பார்ட்டி கணக்கில் விழும் வரை அது உங்கள் ஜாப்தான். ஷிப்பிங் பில்லில் இருக்கும் இன்வாய்ஸ் எண்ணும் பார்ட்டியின் ஆடிட்டர் ஜி.எஸ்.டி.ஆர்-1 ரிட்டர்னில் போட்ட இன்வாய்ஸ் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் எஸ்.பி.005 என்ற பிழை வந்து பணம் நின்றுவிடும். நடுவில் ஒரு கோடு விட்டுப்போனாலே போதும். ரீஃபண்டு நின்றிருப்பதைப் பார்ட்டி கேட்பதற்கு முன் நீங்கள் பார்த்துச் சொன்னால், அந்தப் பார்ட்டி அடுத்த முறை உங்கள் பெயரைச் சொல்லித்தான் போன் செய்வார்.

3. காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்

இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீது), இருந்தால் இன்சூரன்ஸும் மூலச் சான்றும். இவற்றை ஒன்றன் பின் ஒன்றாகப் படித்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் பரப்பி, ஒரே விவரத்தை எல்லாக் காகிதத்திலும் தேடினால்தான் பிசகு கண்ணில் படும். மொத்த எடை, பெட்டிகளின் எண்ணிக்கை, வாங்குபவர் பெயர், இன்கோடெர்ம் (கப்பல் செலவும் இன்சூரன்ஸும் யார் பொறுப்பு என்ற விலை நிபந்தனை), கன்டெய்னர் எண், இறங்கும் துறைமுகம். இந்த வரிசையில் பாருங்கள்.

கன்டெய்னர் எண்ணைப் பற்றி ஒரு விஷயம். நான்கு எழுத்து, ஏழு எண். கடைசி எண் சும்மா போட்டதல்ல, முன்னால் இருக்கும் பத்து எழுத்தெண்களையும் கணக்குப் போட்டு வருவது. சி.எஸ்.கியூ.யூ. 305438 என்று இருந்தால் கடைசி எண் 3 வரும். அவசரத்தில் ஐந்தையும் நான்கையும் மாற்றி 304538 என்று தட்டினால் கணக்குப்படி 1 வர வேண்டும், ஆனால் பெட்டியில் 3 இருக்கும். அப்படியென்றால் எங்கோ தவறு. இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும் தளங்கள் இலவசமாகவே இருக்கின்றன. எண்ணைக் கண்ணால் சரிபார்ப்பதைவிட இதில் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. கண் தான் எதிர்பார்ப்பதைத்தான் படிக்கும்.

துறைமுகத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். வேலைக்கு வந்த இரண்டாவது வருடம், பில் ஆஃப் லேடிங்கில் சென்னை என்று இருந்ததைப் பார்த்துச் சென்னைத் துறைமுகத்தின் குறியீட்டைப் போட்டுச் செக்லிஸ்ட் தயார் செய்தேன். கப்பல் போனது காட்டுப்பள்ளிக்கு. சீனியர் கடைசி நிமிடத்தில் லைனுக்குப் போன் போட்டுக் கேட்டதால் பிழைத்தோம். சென்னை கடல்வழி ஐ.என்.எம்.ஏ.ஏ.1, எண்ணூர் காமராஜர் ஐ.என்.இ.என்.ஆர்.1, காட்டுப்பள்ளி ஐ.என்.கே.ஏ.டி.1. மூன்றும் நம் பக்கத்துத் துறைமுகங்கள்தான், ஆனால் கஸ்டம்ஸ் கணக்கில் மூன்று வெவ்வேறு இடங்கள். பேப்பரில் என்ன எழுதியிருந்தாலும் கப்பல் எங்கே நிற்கப்போகிறது என்று லைனிடம் கேட்டு மெயிலில் உறுதி வாங்கிய பிறகே ஃபைல் செய்யுங்கள்.

4. டியூட்டியைக் கையால் போடப் பழகுங்கள்

சாஃப்ட்வேர்தான் எல்லாம் போட்டுவிடுகிறதே என்பார்கள். அதில் நீங்கள் தவறாகக் கொடுத்ததையும் அது சரியாகவே கணக்குப் போட்டுக் காட்டும். கையால் போட்டுப் பழகியவருக்குத்தான் ஒரு தொகையைப் பார்த்தவுடன் உறுத்தும்.

ஒரு கணக்கு பார்ப்போம். எஃப்.ஓ.பி. மதிப்பு (கப்பலில் ஏற்றும் வரையிலான விலை), கஸ்டம்ஸ் அறிவித்த மாற்று விகிதத்தில் 10,00,000 ரூபாய். வங்கி விகிதத்தைப் போடாதீர்கள், அது அடிக்கடி நடக்கும் தவறு. கடல் சரக்குக் கட்டணம் 60,000, ரசீது இருக்கிறது. இன்சூரன்ஸ் தெரியவில்லை, தெரியாவிட்டால் எஃப்.ஓ.பி.யில் 1.125 சதவீதம், அதாவது 11,250. ஆக அசெஸபிள் மதிப்பு, அதாவது வரி போடும் மதிப்பு, 10,71,250.

பேசிக் டியூட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 1,07,125. அதன் மேல் சோஷியல் வெல்ஃபேர் சர்சார்ஜ் 10 சதவீதம், 10,712.50. சர்சார்ஜ் சரக்கின் மதிப்பின் மேல் வராது, பேசிக் டியூட்டியின் மேல்தான் வரும். இங்கே பலர் சறுக்குவார்கள். மூன்றையும் கூட்டினால் 11,89,087.50. இதன் மேல் ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 2,14,035.75. கட்ட வேண்டியது மொத்தம் 3,31,873.25.

இப்போது அதே ஜாபில் பார்ட்டி சரக்குக் கட்டண ரசீது அனுப்பவில்லை, நீங்களும் கேட்கவில்லை என்று வைப்போம். கட்டணம் எவ்வளவு என்று காட்ட முடியாவிட்டால் விதிப்படி எஃப்.ஓ.பி.யில் 20 சதவீதம் சேர்க்க வேண்டும். 60,000-க்குப் பதில் 2,00,000. அசெஸபிள் மதிப்பு 12,11,250 ஆகிறது, மொத்த டியூட்டி 3,75,245.25. வித்தியாசம் 43,372 ரூபாய். அதில் ஐ.ஜி.எஸ்.டி. கூடிய 27,972-ஐ பார்ட்டி கிரெடிட்டாக எடுத்துக்கொள்ள முடியலாம். மீதி 15,400 போனது போனதுதான்.

ஒரு மெயில் அனுப்பியிருந்தால் மிச்சமாகியிருக்கும் பணம். இந்தக் கணக்கை ஒரு முறை உங்கள் சீனியர் முன்னால் பேப்பரில் போட்டுக் காட்டுங்கள். அதற்குப் பிறகு உங்களை டி.ஓ. வாங்க மட்டும் அனுப்ப அவருக்கே மனசு வராது.

5. ஒரு சாப்டரை உங்களுடையது ஆக்குங்கள்

டாரிஃப் (சுங்க வரி அட்டவணை) முழுவதையும் படிக்க முயலாதீர்கள். உங்கள் ஆபீஸுக்கு அதிகம் வரும் சரக்கு எது என்று பாருங்கள். பிளாஸ்டிக் என்றால் 39-ஆவது சாப்டர், இரும்புப் பொருள் என்றால் 73, இயந்திரம் என்றால் 84, மின்சாதனம் என்றால் 85. அந்த ஒரு சாப்டரையும், அது இருக்கும் செக்‌ஷனின் குறிப்புகளையும் படியுங்கள். குறிப்புகளைப் படிக்காமல் தலைப்பை மட்டும் படிப்பதுதான் இங்கே பெரிய தவறு.

உதாரணம் ஒன்று. எண்ணூர், அம்பத்தூர்ப் பக்கம் வண்டி உதிரிபாகம் இறக்கும் பார்ட்டிகள் நிறைய. இன்வாய்ஸில் வண்டிக்கான போல்ட் என்று இருக்கும். வண்டி உதிரிபாகம்தானே என்று புதியவர் 87-இல் போடுவார். ஆனால் வண்டிகள் வரும் 17-ஆவது செக்‌ஷனின் இரண்டாவது குறிப்பு, பொதுப் பயன்பாட்டு உதிரிகளை அங்கிருந்து வெளியே தள்ளிவிடுகிறது. எஃகு போல்ட் எந்த வண்டிக்குப் போனாலும் 7318-தான். வல்கனைஸ் செய்த சாதாரண ரப்பர் கேஸ்கெட்டும் அதே குறிப்பால் 4016-க்குப் போகிறது. தலைப்பை மட்டும் பார்த்தவருக்கு இது தெரியவே வராது.

டாரிஃபில் ஒவ்வொரு பொருளுக்கும் இருக்கும் எட்டு இலக்க எண்ணில் முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்று. கடைசி இரண்டு நம் நாட்டுக்கானது. ஆகவே வெளிநாட்டு சப்ளையர் எட்டோ பத்தோ இலக்கம் போட்டு அனுப்பினால் அதை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். ஆறு வரை ஒரு குறிப்பாக எடுத்துக்கொண்டு மற்றதை நம் டாரிஃபில் நீங்களே தேட வேண்டும்.

தினம் ஒரு பொருள் போதும். நோட்டில் இடப்பக்கம் பொருள், என்ன மெட்டீரியல், என்ன வேலை செய்யும். வலப்பக்கம் எண், எந்தக் குறிப்பின்படி. ஆறு மாதத்தில் ஆபீஸில் மற்றவர்கள் தங்கள் சந்தேகத்தோடு உங்கள் மேஜைக்கு வர ஆரம்பிப்பார்கள். வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லை என்பவர்கள், நம் பக்கத்தில் நிறையப் பேருக்கு அதுதான் நிலைமை, கொளத்தூரில் 2024-இல் திறந்த முதல்வர் படைப்பகம் போன்ற இடங்களைப் பாருங்கள். நான் படித்ததெல்லாம் ஆபீஸ் பூட்டும் வரை அதே மேஜையில்தான்.

6. கொயரிக்குப் பதில் எழுதுவது

இதற்கு அதிக இடம் கொடுக்கிறேன், காரணம் இருக்கிறது. முன்பெல்லாம் கொயரி (பில்லைப் பார்க்கும் அதிகாரி கேட்கும் விளக்கம்) வந்தால் ராஜாஜி சாலையில் கஸ்டம்ஸ் ஹவுஸ் மாடியேறி, அதிகாரியின் மேஜை முன் நின்று, சாம்பிளைக் காட்டிப் பேசி முடிக்கலாம். நன்றாகப் பேசத் தெரிந்தவருக்கு அது ஒரு வித்தை. 2020 ஜூனில் சென்னையிலும் பெங்களூரிலும் ஃபேஸ்லெஸ் அசெஸ்மென்ட் ஆரம்பித்து, அந்த வருட அக்டோபர் கடைசிக்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. இப்போது உங்கள் பில்லைப் பார்க்கும் அதிகாரி வேறு ஊரில் இருக்கலாம். அவருக்கு உங்கள் முகம் தெரியாது, குரல் தெரியாது. நீங்கள் எழுதிய நாலு வரியும் அப்லோடு செய்த காகிதமும்தான் தெரியும்.

போன வருடம் சேர்ந்த ஒரு பையனோடு நடந்தது இது.

“அண்ணா, கொயரி வந்திருக்கு.”

“என்ன கேட்டிருக்காங்க தம்பி?”

“கேட்டலாக் கேக்குறாங்கண்ணா. அனுப்பிடவா?”

“முழுசா படிச்சியா?”

படிக்கவில்லை. முதல் வரியில் கேட்டலாக். இரண்டாவது வரியில், பொருள் எந்த மெட்டீரியலால் ஆனது, எதில் பயன்படுகிறது என்று விளக்கம். மூன்றாவதில், அறிவித்த எண்ணுக்குக் காரணம். கேட்டலாக்கை மட்டும் அனுப்பியிருந்தால் அடுத்த நாள் மற்ற இரண்டுக்கும் மறுபடி கொயரி வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நாள், சில சமயம் இரண்டு. அதற்குள் சி.எஃப்.எஸ்.ஸில் கிரவுண்டு ரென்ட் (பெட்டி நிற்கும் இடத்துக்கான வாடகை) ஏறிக்கொண்டிருக்கும்.

ஆகவே முதல் படி, கொயரியை உடைத்து எண் போடுங்கள். எத்தனை கேள்வி கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரே வாக்கியத்தில் மூன்று கேள்வி ஒளிந்திருக்கும்.

அடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் தனி எண்ணில் பதில். பொருள் இன்னது, இன்வாய்ஸில் இத்தனையாவது ஐட்டம், இந்த மெட்டீரியலால் ஆனது, இந்த வேலைக்குப் பயன்படுகிறது, ஆகவே இந்தச் செக்‌ஷன் குறிப்பின்படி இந்த எண்ணில் வருகிறது, ஆதாரமாகக் கேட்டலாக்கின் இந்தப் பக்கம். இவ்வளவுதான். எழுதுவது இங்கிலீஷில் என்றாலும் சின்னச் சின்ன வாக்கியம் போதும். இலக்கணப் பிழை ஒன்றிரண்டு இருந்தாலும் யாரும் சிரிக்கப்போவதில்லை, சொல்ல வந்தது புரிய வேண்டும்.

மூன்றாவது, ஆதாரத்தை இ-சஞ்சித்தில் (கஸ்டம்ஸுக்குக் காகிதங்களை ஏற்றும் இணைய வசதி) ஏற்றி, அதற்கு வரும் ஐ.ஆர்.என். எண்ணைப் பதிலிலும் குறிப்பிடுங்கள். நாற்பது பக்கக் கேட்டலாக்கை அப்படியே ஏற்றினால் அதிகாரி எந்தப் பக்கத்தைப் பார்ப்பார்? தேவையான பக்கத்தில் அந்த மாடல் எண்ணைக் கோடிட்டு, அந்தப் பக்கத்தை முன்னால் வையுங்கள்.

செய்யக் கூடாதது: “ஐயா, தயவுசெய்து சீக்கிரம் ரிலீஸ் செய்யவும், பார்ட்டிக்கு அவசரம்” என்று எழுதுவது. புதியவர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேரின் முதல் பதில் இதுதான். கெஞ்சலில் தகவல் எதுவும் இல்லை.

இன்னொன்று, தெரியாததைத் தெரிந்தது போல எழுதாதீர்கள். பொருளின் பயன் உங்களுக்குப் புரியாவிட்டால் பார்ட்டியின் ஃபேக்டரி ஆளுக்குப் போன் செய்யுங்கள், பர்சேஸ் ஆளுக்கு அல்ல. பர்சேஸ் ஆளுக்கு விலை தெரியும். அந்த உதிரி மெஷினில் எங்கே உட்கார்கிறது என்று மெயின்டனன்ஸில் இருப்பவருக்குத்தான் தெரியும். அவரிடம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ கேட்டு வாங்கினால் பாதி வேலை முடிந்தது.

நீங்கள் எழுதி, ஏற்றுக்கொள்ளப்பட்ட பதில்களைத் தனி ஃபோல்டரில் சேர்த்து வையுங்கள். கொயரிகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிதான் வரும்.

7. கெடுவை உங்கள் கையில் வையுங்கள்

பில் ஆஃப் என்ட்ரியைப் பொதுவாகக் கப்பல் வருவதற்கு முந்தைய நாள் முடிவதற்குள் ஃபைல் செய்துவிட வேண்டும். அந்த முந்தைய நாள் ஞாயிறாக இருந்தாலும், பொங்கலாக இருந்தாலும் கணக்கில் சேரும். தவறினால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 10,000. ஐந்து நாள் தூங்கினால் 35,000. டியூட்டியைத் தாமதமாகக் கட்டினால் அதற்கு வட்டி தனி.

எக்செல்லில் ஒரு ஷீட். ஜாப் நம்பர், கப்பல் வரும் தேதி, ஃபைல் செய்ய வேண்டிய கடைசி நாள், லைனின் ஃப்ரீ டேஸ் (கட்டணம் இல்லாத நாட்கள்) முடியும் நாள், சி.எஃப்.எஸ். ஃப்ரீ டேஸ் முடியும் நாள். லைனுக்குக் கட்டும் டிடென்ஷனும் (பெட்டியைத் தாமதமாகத் திருப்பினால் வரும் கட்டணம்) சி.எஃப்.எஸ்.ஸுக்குக் கட்டும் கிரவுண்டு ரென்ட்டும் வேறு வேறு, நாள் எண்ணுவதும் வேறு வேறு. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுக் குழப்பிக்கொள்வது பழைய ஆட்கள்கூடச் செய்வதுதான். காலையில் ஆபீஸுக்கு வந்ததும் முதலில் இந்த ஷீட், அப்புறம்தான் டீ. நவம்பர், டிசம்பரில் இரண்டு நாளைக் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மழையில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையும் மணலிச் சாலையும் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

8. பார்ட்டிக்குச் செய்தி சொல்வது

கேட்பதற்கு முன் சொல்லுங்கள். மாலை ஐந்தரைக்கு ஒரு செய்தி: இன்று என்ன நடந்தது, நாளை என்ன நடக்கும், அவர் அனுப்ப வேண்டியது என்ன. மூன்று வரி. ஒன்றும் நடக்காத நாளில் ஒன்றும் நடக்கவில்லை என்றே எழுதுங்கள். “பார்க்கிறேன் சார்”, “ஆகிடும் சார்” இரண்டையும் விட்டுவிடுங்கள். கெட்ட செய்தியை மட்டும் மெசேஜில் சொல்லாமல் போனில் சொல்லிவிட்டு அப்புறம் எழுதுங்கள்.

9. கார்டு: எப்போது, எப்படி

ஹெச் கார்டு உதவியாளருக்கானது. ஜி கார்டு, கஸ்டம்ஸ் நடத்தும் தேர்வில் தேறிய ஊழியருக்கு. எஃப் கார்டு, புரோக்கர் தேர்விலேயே தேறியவருக்கு. ஹெச்சுக்கும் ஜி-க்கும் உங்கள் புரோக்கர் வழியாகத்தான் விண்ணப்பம் போகும். ஜி கார்டு இருந்தால் நிறுவனம் உங்களுக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்து, உங்கள் கையெழுத்தில் டாக்குமென்ட் தாக்கல் செய்யலாம். ஆபீஸில் உங்கள் இடம் மாறுவது அந்த நாளில்தான்.

ஜி தேர்வுக்கு அறிவிப்பு சென்னை கஸ்டம்ஸின் பொது அறிவிப்பாக வரும். தளத்தை வாரம் ஒருமுறை நீங்களே பாருங்கள், ஆபீஸ் சொல்லும் என்று காத்திருக்க வேண்டாம். முதல் ஆறு மாதம் மேலே சொன்னதைச் செய்தவருக்கு இதில் புதிதாகப் படிக்க வேண்டியது சட்டப் பகுதிதான்: 1962-ஆம் ஆண்டின் கஸ்டம்ஸ் சட்டம், புரோக்கர் விதிகள், டிராபேக் (ஏற்றுமதிக்காக வரியைத் திருப்பித் தருவது), பாண்டு, தடை செய்யப்பட்ட பொருட்கள். சட்டப் பிரிவை எண்ணாக மனப்பாடம் செய்யாதீர்கள். உங்கள் நோட்டில் இருக்கும் ஜாபோடு சேர்த்துப் படியுங்கள். 46-ஆவது பிரிவு என்றால் அன்றைக்கு லேட் ஃபீ கட்டிய அந்த ஃபைல் ஞாபகம் வர வேண்டும்.

எஃப் கார்டுக்குப் பட்டம் வேண்டும். சாதாரணப் பட்டதாரி என்றால் ஜி கார்டோடு குறைந்தது இரண்டு வருட அனுபவமும் வேண்டும். சி.ஏ., எம்.பி.ஏ., எல்.எல்.பி. போன்ற படிப்பு இருப்பவர்களுக்கு வழி வேறு. 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத சொத்துக்கு வங்கிச் சான்றும் கேட்பார்கள். தேர்வை நாசின் என்ற சுங்கத்துறைப் பயிற்சி அகாடமி நடத்துகிறது, எழுத்துத் தேர்வும் நேர்முகமும் உண்டு. பிளஸ் டூவோடு வந்தவர்கள் ஜி-க்குப் படிக்கும்போதே சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் தொலைதூரக் கல்வியிலோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ பி.காம். சேர்ந்துவிடுங்கள். ஜி முடித்துவிட்டு அப்புறம் டிகிரி என்று நினைத்தால் மூன்று வருடம் சும்மா போகும்.

10. கையெழுத்துப் போடும் முன்

ஜி கார்டு வந்ததும் உங்களைத் தேடி வரும் ஆட்களில் சிலர் தவறான ஆட்கள். ஐ.இ.சி. (இறக்குமதி-ஏற்றுமதி செய்பவருக்கான எண்) ஒருவர் பெயரில் இருக்கும், சரக்கு இன்னொருவருடையதாக இருக்கும், பணம் மூன்றாம் ஆள் கொடுப்பார். கட்டணம் கொஞ்சம் தாராளமாகவே வரும். புரோக்கர் லைசென்சிங் விதி 10-இன்படி ஐ.இ.சி., ஜி.எஸ்.டி. எண், பார்ட்டி யார், சொன்ன முகவரியில் உண்மையில் இருக்கிறாரா என்பதைச் சரிபார்ப்பது புரோக்கரின் கடமை. நம்பகமான காகிதத்தை வைத்துச் சரிபாருங்கள். முடிந்தால் அந்த முகவரிக்கு வண்டியில் ஒரு நடை போய்வாருங்கள். மாதவரத்தில் கோடவுன் என்று சொன்ன இடத்தில் பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அந்த ஜாபை எடுக்கவில்லை.

வெற்று ஆத்தரைசேஷனில் கையெழுத்துப் போடாதீர்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனையும் அதன் பாஸ்வேர்டையும் “அண்ணன்தானே” என்று யாரிடமும் கொடுக்காதீர்கள். பார்ட்டியின் டியூட்டிப் பணம் உங்கள் ஜி-பே வழியாகப் போகக் கூடாது.

11. சம்பளம் கேட்பதும் இடம் மாறுவதும்

“மூணு வருஷமா இருக்கேன் சார்” என்று கேட்டால் கிடைப்பது வழக்கமான கூடுதல்தான். கணக்கோடு போங்கள். இந்த வருடம் நான் தனியாகப் பார்த்தது இத்தனை பில், இத்தனை ஷிப்பிங் பில், முதல் பதிலிலேயே முடிந்த கொயரி இத்தனை, என் ஜாபில் லேட் ஃபீ இவ்வளவு. பூஜ்யம் என்று சொல்ல முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் எத்தனை, ஏன் என்று சொல்லுங்கள். இந்தக் கணக்குக்காகத்தான் முதல் மாதத்திலேயே நோட்டு போடச் சொன்னேன். மார்ச் கடைசியில் கேட்காதீர்கள். அப்போது ஆபீஸில் யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது.

ரெஸ்யூமேயில் “கடின உழைப்பாளி” என்று எழுதுவதை விட்டுவிட்டு, கையாண்ட சாப்டர், துறைமுகங்கள், டி.பி.டி., அட்வான்ஸ் ஆத்தரைசேஷன், டிராபேக் என்று பார்த்த ஸ்கீம்கள், கார்டு, இவற்றை எழுதுங்கள். பார்ட்டிகளின் பெயரையும் அவர்களின் விலையையும் எழுதக் கூடாது. எங்களிடம் வேலை கேட்டு வந்த ஒருவர் பழைய ஆபீஸின் இன்வாய்ஸ்களை பென் டிரைவில் கொண்டுவந்து காட்டினார். நாளைக்கு நம்முடையதையும் இப்படித்தான் கொண்டுபோவார் என்று அப்படியே அனுப்பிவைத்தோம்.

கிளம்பும்போது நடுவில் நிற்கும் ஜாப் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி நிலவரம் எழுதிக் கொடுத்துவிட்டு, கார்டை ஒப்படையுங்கள். கார்டு அந்த நிறுவனத்தோடு கட்டியது, தேர்வு முடிவு உங்களுடையது. அதன் நகலையும், அனுபவச் சான்றையும், ஜி கார்டு வைத்திருந்த காலத்துக்கான கடிதத்தையும் அதே நாளில் கையில் வாங்கிவிடுங்கள். எஃப் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் அந்தக் கடிதத்துக்காகப் பழைய ஆபீஸ் படியேறி நிற்பவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.